குட்டி நத்தை எந்தத் தண்ணீரில் பிறந்தது? மருத்துவம் அறுபது வருடம் தேடிய பதில்

1/
மீன் தொட்டி இருக்கிற வீடுகள்ல இது சகஜம். அக்வேரியம் கடையில செடி வாங்கி நடுவோம். கொஞ்ச நாள்ல கண்ணாடியில ஜெல்லி மாதிரி ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். இன்னொரு வாரம் போனா கடுகு அளவுல குட்டி நத்தைகள் ஊர்ந்துட்டு இருக்கும். சிலர் ஆசையா வளர்ப்பாங்க. சிலர் பயந்து போய் எங்கிட்ட கேட்பாங்க: "டாக்டர், நத்தையால ஏதோ புழு நோய் வரும்னு படிச்சேன். பையன் தொட்டிக்குள்ள கையை விடுறான். பரவாயில்லையா?"

2/
முதல்ல பதிலைச் சொல்லிடறேன். அவங்க படிச்சது பெரும்பாலும் பில்ஹார்சியாவைப் பத்தித்தான் இருக்கும். உங்க தொட்டியில முட்டையிலிருந்து பொரிஞ்ச நத்தைக்கு அந்த நோய் கிடையாது. அதுகிட்டயிருந்து உங்களுக்கு வரவும் வராது. தொட்டியில கையை விட்டா சோப்பு போட்டுக் கழுவுங்க. அது சால்மோனெல்லா மாதிரி பாக்டீரியாக்களுக்காக. மீனுக்கும் அதே விதிதான்.

இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்ல முடியுது? அதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட வரலாறு இருக்கு. குட்டி நத்தைகளைக் கண்ணாடித் தொட்டியில வளர்க்கிற வேலை அதில் முக்கியமான இடம் பிடிக்குது.

3/
1851, கெய்ரோ. காஸ்ர் எல் ஐனி மருத்துவமனையில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற இளம் ஜெர்மன் மருத்துவர் பிரேதப் பரிசோதனைகள் செய்துகொண்டிருந்தார். ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் வெள்ளையாகச் சில புழுக்களைப் பார்த்தார். ஆண் புழுவின் உடலில் நீளமாக ஒரு பள்ளம். அதற்குள் பெண் புழு படுத்திருந்தது. ரத்தத்துக்குள்ளேயே ஜோடியாக வாழும் புழு! இன்று இதை சிஸ்டோசோமா என்கிறோம். நோய்க்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

4/
நோய் மிகப் பழையது. 1910-ல் மார்க் அர்மாண்ட் ரஃபர் எகிப்தின் 20-வது வம்சத்தைச் சேர்ந்த இரண்டு மம்மிகளின் சிறுநீரகங்களில் இந்தப் புழுவின் முட்டைகளைக் கண்டுபிடித்தார். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய உடல்கள் அவை. நைல் கரையில் சிறுவர்கள் சிறுநீரில் ரத்தம் போவது அவ்வளவு சாதாரணமான ஒன்றாக இருந்தது.

5/
உடம்பைக் கெடுப்பது புழுவை விட அதன் முட்டைகள்தான். முள் உள்ள முட்டைகள் சிறுநீர்ப்பை அல்லது குடல் சுவரைத் துளைத்து வெளியே போகணும். வெளியே போக முடியாமல் சிக்கிக்கொண்டவை அங்கங்கே புண்ணும் தழும்பும் ஆகும். ஒரு வகையில் ஈரல் தழும்பேறி, மண்ணீரல் வீங்கி, ரத்த வாந்தி வரை போகும். இன்னொரு வகையில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரைக்கும் போகும்.

6/
வெளியே போன முட்டை நல்ல தண்ணீரில் விழுந்தால் பொரியும். உள்ளிருந்து மயிர் போன்ற இழைகள் மூடிய ஒரு லார்வா நீந்தி வரும். பெயர் மிராசிடியம். சில மணி நேரத்தில் செத்துவிடும். இதெல்லாம் 19-ம் நூற்றாண்டிலேயே தெரியும். அடுத்த கேள்விக்குத்தான் விடையில்லை. இந்த லார்வா திரும்ப மனுஷனுக்குள்ள எப்படிப் போகுது? குடிக்கிற தண்ணீர் வழியாவா? தோல் வழியாவா? நடுவில வேற ஏதாவது உயிர் இருக்கா?

7/
ஆர்தர் லூஸ் என்ற ஒட்டுண்ணியியல் மேதை கெய்ரோவில் இதைத் தேடினார். கொக்கிப்புழு லார்வா தோலைத் துளைத்து உள்ளே போகும் என்று முதலில் காட்டியவர் அவர்தான். லார்வா இருந்த திரவம் தற்செயலாகத் தன் கையில் சிந்தியதிலிருந்து அதைப் பிடித்தார். மற்ற தட்டைப்புழுக்களுக்கு நத்தை தேவைப்படுகிறது என்பதால் எகிப்தின் நத்தைகளையும் சோதித்துப் பார்த்தார். எதிலும் பில்ஹார்சியா வளரவில்லை.

8/
அதனால் லூஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: நத்தை தேவையில்லை, மிராசிடியமே நேராக மனிதத் தோலுக்குள் போகிறது. அவர் சொன்னால் மறுக்க ஆள் குறைவு. இந்தக் கருத்தை நம்பினால் பொது சுகாதாரத்துக்குச் செய்ய ஒன்றுமே மிச்சமில்லை. நோயாளி சிறுநீர் கழித்த தண்ணீரெல்லாம் உடனே ஆபத்து. எங்கே போய் எதைத் தடுப்பது?

9/
வாய்க்காலில் பிடித்த நத்தையை வைத்து இதை நிரூபிப்பது ஏன் கஷ்டம் என்று யோசித்துப் பாருங்க. ஒரே நத்தைக்குள்ள பறவைப் புழு, மாட்டுப் புழு, தவளைப் புழு என்று எத்தனையோ இருக்கலாம். நீங்க மிராசிடியத்தை விட்டு, சில வாரம் கழிச்சு அந்த நத்தையிலிருந்து லார்வா வெளியே வந்தா, அது நீங்க விட்டதா, ஏற்கெனவே குடியிருந்ததா? அந்த நத்தையோட பழைய கதை உங்களுக்குத் தெரியாது. சந்தேகமில்லாமச் சொல்லணும்னா, பிறந்த நாளிலிருந்து நீங்க பார்த்து வளர்த்த நத்தை வேணும்.

10/
திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. ஹிரோஷிமா பகுதியின் கத்தயாமா ஊர்ப்பக்கம் வயலில் இறங்கும் விவசாயிகளுக்கும் மாடுகளுக்கும் காலில் அரிப்பு, பிறகு வயிறு வீக்கம், கடைசியில் மரணம். ஃபுஜி என்ற உள்ளூர் மருத்துவர் 1847-லேயே இதை எழுதி வைத்திருந்தார். 1904-ல் கத்சுராதா ஒரு பூனையின் உடலில் புழுவைக் கண்டுபிடித்தார். 1909-ல் ஃபுஜிநாமியும் நாகமுராவும் மாடுகளை வைத்துச் சோதனை செய்தார்கள். சிலவற்றுக்கு வாயைக் கட்டி, சிலவற்றுக்குக் காலை மூடி வயல் தண்ணீரில் இறக்கினார்கள். நோய் நுழையும் வழி வாய் இல்லை, தோல் என்பது உறுதியானது.

11/
1913. கியூஷு பல்கலைக்கழகத்தின் மியாயிரியும் அவர் உதவியாளர் சுசுகியும் சாகா மாவட்டத்தின் வாய்க்கால்களில் நெல்மணி அளவே உள்ள ஒரு நத்தையைப் பிடித்தார்கள். அதை வைத்திருந்த தண்ணீரில் மிராசிடியங்களை விட்டார்கள். அவை மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த நத்தைக்குள் துளைத்துப் போயின. நாளடைவில் நத்தைக்குள் பெருகி, பிளவுபட்ட வாலுடன் வேறொரு லார்வாவாக வளர்ந்தன. அதன் பெயர் செர்கேரியா. எலிகளை அதற்கு ஆளாக்கியபோது எலிகளுக்குள் புழு வளர்ந்தது. சங்கிலி முழுமையானது.

12/
இங்கிலாந்தின் ராபர்ட் லெய்ப்பர் 1914-ல் கிழக்காசியாவில் இதே நோயைத் தேடிக்கொண்டிருந்தார். ஜப்பான் கண்டுபிடிப்பு அவருக்குத் தெரிந்தது. அதே வருடம் முதல் உலகப் போர். எகிப்தில் பிரிட்டிஷ் படைகள். தென்னாப்பிரிக்கப் போருக்குப் பிறகு சிறுநீரில் ரத்தத்தோடு திரும்பிய சிப்பாய்கள் நினைவுக்கு வர, ராணுவம் லெய்ப்பரை கெய்ரோவுக்கு அனுப்பியது. ஜெர்மானியரான லூஸ் அதற்குள் எகிப்தை விட்டு வெளியேற வேண்டியதாகிவிட்டது.

13/
கெய்ரோவுக்குப் பக்கத்தில் எல் மார்க் என்ற கிராமம். லெய்ப்பர் குழு அங்கே வாய்க்கால் வாய்க்காலாக நத்தைகளைச் சேகரித்துப் பிரித்தது. சில மாதங்களிலேயே விடை வந்தது. இரண்டு நத்தைகள், இரண்டு புழுக்கள். சங்கு போல சுழன்ற புலைனஸ் நத்தையிலிருந்து வந்த லார்வாக்கள், சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழுவாக வளர்ந்தன. முட்டையின் முள் நுனியில். வட்டு போலத் தட்டையான நத்தையிலிருந்து வந்தவை குடலைத் தாக்கும் புழு. முட்டையின் முள் பக்கவாட்டில். ஒரே புழு இரண்டு விதமாக முட்டையிடுகிறது என்ற பழைய வாதம் அத்தோடு முடிந்தது.

14/
இந்த விடை கையில் வந்ததும் தடுப்பு வழியும் வந்தது. மிராசிடியத்துக்கு நத்தை கிடைக்காவிட்டால் சில மணி நேரத்தில் சாவு. நத்தையிலிருந்து வந்த செர்கேரியாவுக்கு மனிதத் தோல் கிடைக்காவிட்டால் இரண்டு நாளுக்குள் சாவு. ஆக, நத்தை இல்லாத தொட்டியில் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கி வைத்தாலே குளிக்கப் பாதுகாப்பு. ரசாயனமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். குளோரின் போகட்டும்னு நாம மீன் தொட்டித் தண்ணியை ஒன்னு ரெண்டு நாள் வெளியில வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

15/
அடுத்த கட்டம் ஆய்வகம். மருந்து கண்டுபிடிக்கணும்னா புழு வேணும். புழு வேணும்னா செர்கேரியா வேணும். அதுக்கு நோய் ஏறிய நத்தை வேணும். நம்பகமான நத்தைன்னா, நோயே தெரியாத குட்டி நத்தையிலிருந்து ஆரம்பிக்கணும். புழு எந்த நிலையிலும் நத்தையின் முட்டைக்குள் போவதில்லை. தாய் நத்தைக்கே நோய் இருந்தாலும் சுத்தமான தண்ணீரில் பொரிஞ்ச குட்டிக்கு நோய் இல்லை. உலகம் முழுக்க பில்ஹார்சியா ஆய்வகங்கள் நிற்பது இந்த ஒரு உண்மை மேலதான். உங்க வீட்டுத் தொட்டி பத்தி நான் முதல்ல சொன்ன பதிலும் இதிலிருந்து வந்ததுதான்.

16/
அந்த ஆய்வகங்களுக்குள்ள போனா அக்வேரியம் பிரியர்களுக்கு எல்லாமே பழகினதா இருக்கும். வரிசையா தொட்டிகள். குளோரின் இல்லாத தண்ணீர். 25 டிகிரியை ஒட்டிய வெப்பம். சாப்பிட லெட்யூஸ் கீரை. ஓடு கெட்டியாக சாக்பீஸ் அல்லது சிப்பித்தூள், ஏன்னா சுண்ணாம்புச் சத்து இல்லாட்டி குட்டிகளோட ஓடு மெலிஞ்சு குழி விழும். அங்கே வளர்க்கிற பயோம்ஃபலேரியா நத்தை, நம்ம கடைகள்ல ராம்ஸ்ஹார்ன்னு விக்கிற நத்தைகளோட அதே குடும்பம்.

17/
முட்டைப் பொட்டு வைத்து ஒரு வாரம் சுமாருக்குப் பொரியும். ஒன்றரை மாதத்துக்குள் அந்தக் குட்டியே முட்டை வைக்கும். ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் துணை கிடைக்காவிட்டால் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும். "ஒரே ஒரு நத்தைதான் இருந்தது, எப்படி டாக்டர் நூறாச்சு?"ன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில். ஆய்வகத்துக்கு இது பெரிய வரம். 1955-ல் நியூட்டன் என்ற ஆய்வாளர் கலப்பினம் செய்து, நிறமியில்லாததும் எளிதில் நோய் பிடிப்பதுமான ஒரு வம்சத்தை உருவாக்கினார். அந்தக் காலத்திலிருந்து எத்தனையோ ஆய்வுகள் வெளிறிய நத்தைகள்ல நடந்தது இப்படித்தான்.

18/
நத்தைக்குத் தாமிரம் விஷம். மீனுக்குத் தாமிர மருந்து ஊத்தினதும் தொட்டியில் நத்தைகள் மொத்தமா செத்துப் போறதைப் பலர் பார்த்திருப்பீங்க. எகிப்தில் 1920-களிலிருந்து நீர்நிலைகளில் காப்பர் சல்பேட் போட்டது இந்த பலவீனத்தை நம்பித்தான். ஆனா தொட்டிக்கு ஒரு அளவு உண்டு, நைல் வாய்க்காலுக்குக் கிடையாது. மருந்து சேற்றில் படியும், தண்ணீர் அடித்துப் போகும். தப்பித்த ஒரு நத்தை போதும், சில மாதத்தில் வாய்க்கால் மறுபடி நிரம்பிடும்.

19/
நத்தைகளை உயிரோட வைத்திருக்க முடியாமல் போனதில் ஒரு மனிதர் தன் உடம்பையே கொடுத்த கதையும் உண்டு. கிளாட் பார்லோ. எகிப்தில் பல வருடம் நத்தை ஒழிப்பு வேலை செய்த அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் இந்த நோயோடு ஊர் திரும்பினால் அமெரிக்க நத்தைகளுக்கு அது பரவுமா என்று சோதிக்க வேண்டியிருந்தது. நோய் ஏறிய நத்தைகளை எகிப்திலிருந்து அனுப்பும் முயற்சி பலிக்கவில்லை.

20/
அதனால் 1944-ல் பார்லோ செர்கேரியாக்களைத் தன் தோலிலேயே விட்டுக்கொண்டார். புழுக்களைத் தன் ரத்தத்தில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். கடும் காய்ச்சல், வலி, சிறுநீரில் ரத்தம் என்று மாதக்கணக்கில் அவதிப்பட்டார். கடைசியில் அன்றைய மருந்தான ஆன்டிமனி ஊசிகளைப் போட்டுக்கொண்டார். அதுவும் சும்மா இல்லை, இதயத்தையே தொந்தரவு செய்யும் மருந்து. இதை வீரம் என்று மட்டும் கடந்து போக எனக்கு மனசு வரல. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதை அனுமதிக்காது.

21/
அந்த ஆன்டிமனி ஊசியின் மறுபக்கம் இன்னும் கனமானது. 1950-களிலிருந்து 1980-கள் வரை எகிப்து அரசு கிராமம் கிராமமாக பில்ஹார்சியாவுக்கு ஊசி போட்டது. ஒருவருக்கே பல ஊசிகள். நத்தை வாய்க்காலிலேயே இருந்ததால் குணமானவருக்கும் நோய் திரும்ப வரும், திரும்ப ஊசி. கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போட்டார்கள். அன்று பெயரே வைக்கப்படாத ஒரு வைரஸ் அதன் வழியாகப் பரவியது: ஹெபடைடிஸ் சி.

22/
எகிப்து பின்னாளில் உலகிலேயே ஹெபடைடிஸ் சி மிக அதிகமான நாடுகளில் ஒன்றானது. இந்த ஊசி இயக்கத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை 2000-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஈரலைக் காப்பாற்றப் போட்ட ஊசியே ஈரலைக் கெடுத்தது. நல்ல நோக்கம் இருந்தது, பணம் இருந்தது, உழைப்பும் இருந்தது. சிரிஞ்சைச் சுத்தம் செய்ய நேரம் ஒதுக்கல. மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லாம நான் விடறதில்லை.

23/
1970-களில் ஜெர்மனியில் பிராசிகுவான்டல் வந்தது. வாயால் சாப்பிடும் மாத்திரை. ஊசியே தேவையில்லை. இன்று வரை இந்த நோய்க்கு முதன்மை மருந்து இதுதான். ஆனா மாத்திரை உள்ளிருக்கும் புழுவைக் கொல்லும், நாளைக்கு மறுபடி வாய்க்காலில் இறங்கினால் காப்பாற்றாது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2021-ல் 25 கோடிக்கும் அதிகமானவர்களுக்குத் தடுப்பு சிகிச்சை தேவைப்பட்டது. பத்தில் ஒன்பது பேர் ஆப்பிரிக்காவில்.

24/
சரி, அப்ப நத்தைதான் வில்லனா? வரலாறு அப்படிச் சொல்லல. அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் அடைத்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டு போனபோது இரண்டு புழுக்களும் அவர்கள் உடம்பில் கூடவே போயின. குடலைத் தாக்கும் புழுவுக்குப் பிரேசிலில் ஏற்ற நத்தை கிடைத்தது, இன்றும் அங்கே நோய் இருக்கிறது. சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழுவுக்கு ஏற்ற நத்தை கிடைக்கவில்லை. அது அங்கே வேர் விடவே இல்லை. நோயைக் கொண்டு போனது மனிதன் மனிதனுக்குச் செய்த கொடுமை. அது அங்கே தங்குமா என்பதை நத்தை முடிவு செய்தது.

25/
அண்மைக்கால உதாரணம் பிரான்சின் கோர்சிகா தீவு. அங்கே கவு என்ற அழகான ஆறு, சுற்றுலாப் பயணிகள் குளிக்கும் இடம். புலைனஸ் நத்தைகள் அதில் எப்போதும் இருந்தவைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோய் உள்ள யாரோ ஆற்றில் சிறுநீர் கழிக்க, 2013 கோடையில் குளித்தவர்களுக்கு நோய் வந்தது. 2014-ல் கண்டுபிடிச்சாங்க. மொத்தம் நூறு பேருக்கு மேல். மரபணுவைப் பார்த்தால் மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்த வகை, செனகல் நாட்டுப் புழுக்களோடு ஒத்துப் போனது. நத்தை அதே நத்தை. தண்ணீருக்குள்ள நாம சேர்த்ததுதான் புதுசு.

26/
நம்ம ஊர் நிலைமை? இந்தியாவில் மனித பில்ஹார்சியா மிக மிக அரிது. மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற கிராமத்தில் சிறுநீர் பில்ஹார்சியா இருப்பதை 1952-ல் காட்கிலும் ஷாவும் பதிவு செய்தார்கள். அதுதான் மருத்துவப் பாடங்களில் வரும் இந்திய உதாரணம். ஆனா மாடுகளுக்கு இந்தக் குடும்பப் புழுக்கள் இங்கே உண்டு. மூக்கு நரம்பில் குடியிருந்து மாட்டைக் குறட்டை விட வைக்கும் புழுவை 1933-ல் மெட்ராஸில் எம்.ஏ.என். ராவ் விவரித்து எழுதினார். அதோட அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்னிக்கும் அவர் பெயர் நிற்கும்.

27/
அந்த மாட்டுப் புழுவைச் சுமப்பது நம்ம குளங்களில் சாதாரணமா கிடைக்கிற வட்டு நத்தை, இண்டோபிளானார்பிஸ். அதன் செர்கேரியா தவறுதலாக மனிதத் தோலைத் துளைத்தால் அங்கேயே செத்துவிடும், அரிப்பும் தடிப்பும் மட்டும் வரும். வயலில் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும். அதனால குளத்திலிருந்து பிடிச்சு வந்த நத்தையைத் தொட்டியில நேரா விடாதீங்க. ஆசைப்பட்டா தனி டப்பாவில் வையுங்க. அது முட்டை வைத்தபின், முட்டைப் பொட்டை மட்டும் எடுத்துக் கழுவி உங்க தொட்டிக்கு மாத்துங்க. ஆய்வகம் செய்யறதும் அதேதான்.

28/
ஆய்வகக் குட்டி நத்தைகள் சமீபத்தில் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆகணும். நெதர்லாந்தின் லைடன். தடுப்பூசியைச் சோதிக்க ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் புழுவைக் கொடுக்கணும், ஆனா நோய் வரக் கூடாது. எப்படி? ஒரு மிராசிடியம் ஆணா பெண்ணா என்பது முட்டையிலேயே முடிவாகிவிடும். நத்தைக்குள் போய் அது ஆயிரக்கணக்கில் நகலெடுக்கும், எல்லாமே அதே பாலினம். ஆக, ஒரு சுத்தமான நத்தைக்கு ஒரே ஒரு மிராசிடியம்.

29/
அப்புறம் வெளியே வரும் லார்வாக்களின் மரபணுவைப் பார்த்து ஆண் மட்டும் உள்ள நத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண் புழு தனியாக முட்டை வைக்காது. முட்டை இல்லைன்னா புண் இல்லை, தழும்பும் இல்லை. 17 தன்னார்வலர்கள் பங்கேற்ற இந்த ஆய்வு 2020-ல் வெளியானது. பார்லோவின் ரத்தத்தில் நடந்ததையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நடுவில் முக்கால் நூற்றாண்டு. மாறினது துணிச்சல் இல்லை, முன்கூட்டி யோசிக்கிற பழக்கம். அந்த நத்தை எங்கே பிறந்தது, எதைச் சந்தித்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்ததால்தான் இது சாத்தியமாச்சு.

30/
வீட்டுத் தொட்டியால் வரக்கூடிய உண்மையான ஆபத்து ஒன்னு இருக்கு. 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங் நீரோடைகளில் தென் அமெரிக்க பயோம்ஃபலேரியா நத்தையைக் கண்டுபிடித்தார்கள். அக்வேரியத்துக்காக இறக்குமதியான மீன் அல்லது செடிகளோடு வந்திருக்கும் என்பது அறிஞர்கள் கணிப்பு. பின்னர் எல்லை தாண்டி ஷென்ஜென் பகுதிக்கும் பரவியது. நோய் அங்கே வரவில்லை. ஆனா நோய் வந்தால் தங்க வீடு தயார். கோர்சிகாவை நினைவில் வையுங்க.

31/
அதனால் குட்டி நத்தை வளர்ப்பவர்களுக்கு என் பரிந்துரைகள்:

• ஆசையா வளருங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்க, மற்றது குட்டிகளை உறிஞ்சிடும்.
• சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, சாப்பிட வேகவைத்த கீரை. மிச்சத்தை மறுநாள் எடுத்திடுங்க.
• மீனுக்கு மருந்து வாங்கும்போது தாமிரம் இருக்கான்னு பாருங்க.
• பெருகிடுச்சுன்னா உணவைக் குறைங்க, முட்டைப் பொட்டுகளைச் சுரண்டி எடுங்க.
• தொட்டித் தண்ணீரையோ நத்தையையோ செடியையோ ஏரி, குளம், வாய்க்காலில் கொட்டாதீங்க. வேண்டாத நத்தையை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து, குப்பையில் போடுங்க.
• ஆப்பிரிக்கா போறவங்க அங்கே ஏரி, ஆற்றில் இறங்கியிருந்தா, திரும்பி வந்ததும் உங்க மருத்துவர்கிட்ட அதைக் கட்டாயம் சொல்லுங்க. காய்ச்சல், அரிப்பு, சிறுநீரில் ரத்தம் எதுவும் இல்லாட்டியும் சொல்லுங்க.

32/
கடைசியா ஜப்பான். அங்கே வாய்க்கால்களுக்கு சிமெண்ட் பூசி, மருந்தடித்து, மக்களைச் சேர்த்துக்கொண்டு அந்த நெல்மணி நத்தையைப் பல பத்தாண்டுகள் ஒழித்தார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட யமனாஷி மாவட்டம் 1996-ல் நோய் முடிந்ததாக அறிவித்தது. சிக்குகோ ஆற்றங்கரையில் குருமே நகரில் ஒரு நினைவுக்கல் இருக்கு. நோயில் இறந்த மனிதர்களுக்கான கல் இல்லை அது. மனிதர்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காகக் கொல்லப்பட்ட மியாயிரி நத்தைகளுக்கு அஞ்சலியாக வைத்தது.

33/
நோயை ஒழித்தவர்களே அந்தக் கல்லையும் நட்டார்கள். நத்தை செய்த குற்றம் என்று எதுவும் இல்லை, நாம் அழுக்காக்கிய தண்ணீரில் அது பிறந்தது, அவ்வளவுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாய்க்கால் பக்கத்திலேயே கழிப்பறை இல்லாமல் வாழும் குழந்தைகள் ஆப்பிரிக்காவில் இன்னும் கோடிக்கணக்கில் இருக்காங்க. மாத்திரை அவங்களுக்குப் போய்ச் சேருது. கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் இன்னும் போய்ச் சேரல.

பயந்துபோய் நத்தையைக் கொட்டப் போறேன்னு சொல்ற அக்வேரியம் நண்பர் யாராவது இருந்தா, இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. கேள்விகளை கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.